ஆறு வாரம் படுக்கப் போகிறேன்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. என்னைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் உன் வயிற்றில் இருப்பதும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

சிரித்தால், இருமினால், பையைத் தூக்கினால் சொட்டுகிற என் தொல்லைக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. மூத்திரப்பைக்குக் கீழே தாங்கலாக ஒரு பட்டை வைப்பார்களாம். அந்தப் பட்டையை எதில் செய்வது என்பதில்தான் நம் வீட்டில் இவ்வளவு கூத்து. செயற்கை வலை என்றால் சின்னக் கீறல், சீக்கிரம் எழுந்து நடமாடலாம், ஆனால் சிலருக்குப் பிற்பாடு சதையை உறுத்தும், அப்புறம் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு என்றார் டாக்டரம்மா. என் அடிவயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்தே ஒரு கீற்று எடுத்தால் அந்தப் பயம் இல்லை, ஆனால் பெரிய வெட்டு, வலி, கொஞ்ச நாள் மூத்திரம் போகக் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம், ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. இதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், பதில் சொன்னது உன் அப்பா. மேஜைமேல் இருந்த மாதிரி வலையைக் கொசுவலை வாங்க வந்தவர் போல இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுவே போதும் டாக்டர், ஆறு வாரம் வீடு என்ன ஆகறது" என்றார். உன் அண்ணனும் ஆமாம் சாமி போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு யாருடையது?

சரி, நீயாவது புரிந்துகொள்வாய் என்று போன் பண்ணினால், "வலையே வச்சுக்கோம்மா, அப்பத்தான் என் பிரசவத்துக்கு வர முடியும்" என்கிறாய். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பிறந்த நாளிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக, மாற்றுத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறேன். உன்மேல் பழி போடவில்லை. உன் கல்யாணத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தபோது நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன் என்று கோபித்தாயே, அது பயம்டி.

நேற்று தனியாகப் போய், என் உடம்பிலிருந்தே எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை, போகட்டும். வலை கெட்டது என்று நான் சொல்லவில்லை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தாங்கும் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார். எனக்கு எது பயமில்லையோ அதைக் கேட்டேன். அதனால் உன் பிரசவத்துக்கு வர முடியாது. இந்த வரியை இரண்டு தரம் அடித்து எழுதிவிட்டேன், ஆனாலும் வர முடியாது. மாப்பிள்ளையை லீவு போடச் சொல், அங்கேயே ஓர் ஆளையும் பார்த்து வை.

நல்லபடியாகப் பெற்றெடுத்து, தாயும் பிள்ளையுமாக நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. பிள்ளை பிறந்த பிறகு உனக்கும் சொட்டினால், என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத
அம்மா