மேலட்டைக்கு உரியவர்

திருகோணமலை
12.2.1979

தம்பி கலீலுர் றஹ்மானும், பல்கலைக்கழகப் பதிப்புப் பிரிவில் உன்னோடு அமர்ந்திருக்கும் பெருமக்களும் கேட்க!

ஆண்டறிக்கையின் மேலட்டையை என் கையிலிருந்து பறித்துவிட்டீர்கள். என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. இதுவே என் முறையீடு.

ஊரெல்லாம் சாம்பல்நிற அட்டையில் அறிக்கை விட்ட காலத்தில், மரத்தில் அச்சுச் செதுக்கி உங்கள் அறிக்கைக்கு முகம் தந்தவன் யான். சென்ற ஆண்டு பசையின்மேல் புல்மோட்டைக் கருமணல் தூவி அட்டையையே கடற்கரை ஆக்கினேன். இன்று இராசமலர் என்னும் புதிய வரைவாளரிடம் அப்பணி போயிற்றாம். நாம் இருவரும் கூட்டாக அச்சகம் நடத்தியவர்கள். இச்செய்தியைக் காகித வணிகர் வாயிலாகவா நான் அறிய வேண்டும்?

வீரசிங்கம்

22.2.1979

அன்பின் அண்ணனுக்கு,

நலம். வீட்டில் ஜெமீலாவும் உங்களை விசாரித்தாள். கடிதம் வாசிக்கையில் ஒலிபெருக்கியின் முன் நிற்பதுபோல் இருந்தது.

உண்மையை முன்னமே சொல்லியிருக்க வேண்டும், மனம் வரவில்லை. சென்ற ஆண்டு அறிக்கைகள் கட்டுக்கட்டாக அஞ்சலில் போனபோது ஒரு பிரதியின் மணல் அடுத்த பிரதியின் முகத்தைத் தேய்த்துவிட்டது. “மண் கொட்டுற புத்தகத்த அலுமாரியில வைக்க ஏலாது” என்று நூலகர் திருப்பி அனுப்பினார்.

இராசமலர் ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. ஒவ்வொரு பீடத்தின் மாணவர் தொகையையும் மீன்கூட்டமாக வரைந்திருக்கிறாள். கலைப்பீடத்து மீன்கள் வலை பிதுங்க நெருங்குகின்றன. மருத்துவபீடத்தில் நாலைந்து மீன்கள் விலகி நீந்துகின்றன. அட்டையில் தொடங்கும் வலை, உள்ளே தாள் புரட்டப் புரட்ட விரிகிறது. கணக்கறியாதவருக்கும் கணக்கு விளங்கும். கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன், அண்ணன். மாதிரித் தாள் இத்துடன் வருகிறது.

உங்கள் கலீல்

4.3.1979

தம்பி கலீலுக்கு,

மாதிரித் தாள் கிடைத்தது. அதில் குற்றம் காண விரும்பினேன், எனக்கு அகப்படவில்லை. சல்லி ஊர்க் கடற்றொழிலாளி தம்பையாவிடம் காட்டினேன், மீனேனும் பிழையாக இருக்கும் என்று. வாலையும் செதிலையும் நெடுநேரம் பார்த்தார். “ஓம், பாரைக்குட்டிதான். ஆர் கீறினது? உங்கட மணலை விட இது நல்லம், ஐயா” என்றார். அன்று அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை.

மணல் செய்த கேட்டை ஏற்கிறேன். அப்பெண்ணின் திறனையும் ஏற்கிறேன். அட்டை அவளிடமே இருக்கட்டும். என்னை எரிப்பது வேறு. அவள் தாளுக்கு நீ ஒரு பக்கம் எழுதினாய். என் அட்டைகளுக்கு ஆண்டுதோறும் “கிடைத்தது, நன்று” என்று இரண்டே சொல் எழுதினாய். மேடையில் பேசி ஆயிரவர் கைதட்ட நின்றிருக்கிறேன். ஆயினும் அவ்விரு சொல்லின் பின்னால் மூன்றாம் சொல் உண்டா என்று உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தவன் யான். அவளுக்கு மட்டும் உன்னிடம் சொல் எங்கிருந்து வந்தது?

கலீலே, என் அட்டைகளுள் ஒன்றை எடு. எது உன் கண்ணை நிறுத்தியது, எது உறுத்தியது என்று எழுது. உறுத்தியதே மிகுதியாயின் அதையே எழுது, தாங்குவேன். நாளை என்னாதே. இக்கடிதத்தை மடிக்குமுன் பேனாவைத் திற. பகலுணவு ஆறட்டும்.

வீரசிங்கம்