கொம்புக்காரரின் மேல்தாடை

ஒற்றப்பாலம்,
புதன்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

மாளவிகா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போன் எப்போதும் அவர் கையிலேயே இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்பும் ஜான்ஸி ஆன்ட்டியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வினாடி வினாவில் எனக்கு இரண்டாம் இடம்.

அப்பாவின் முன்பல் இருந்த இடத்தில் புதுப் பல் பொருத்தத் திருகு வைத்ததை வீடியோவில் பார்த்தீர்கள். ஆனால் பல் விழுந்து இரண்டு வருடம் சும்மா கிடந்ததில் அங்கே எலும்பு மெலிந்துவிட்டதாம். "துளை போடும்போதே கைக்குத் தெரிஞ்சுது மோளே, ரஸ்க் மாதிரி இருக்கு. எலும்பு திருகைப் பிடிச்சுக்கற வரைக்கும் உங்கப்பா கொம்பு ஊதக் கூடாது" என்றார் பல் டாக்டர் ஜிஸ்மி. நூலகத்தில் தேடிப் படித்தேன். வேலை இல்லாத எலும்பை உடம்பே கரைத்துவிடுமாம். புதுத் திருகு வைத்த எலும்புக்கு உடனே வேலை கொடுத்தாலும் கெட்டுவிடுமாம். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் எந்தப் பக்கம் போறது?" என்று கேட்டார்.

கோயில் பஞ்சவாத்தியக் குழுவை நடத்தும் நாணு ஆசான் அப்பாவின் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. "சும்மா கொம்பைப் பிடிச்சிட்டு நில்லு. வரிசையில ஓட்டை தெரியக் கூடாது" என்றாராம். போன வெள்ளிக்கிழமை அப்பா அப்படித்தான் நின்றார். பக்கத்தில் நின்ற வாசு மாமா, "என்ன சேதுவே, கொம்புல காத்து வாங்கறியா? எனக்கும் கொஞ்சம் விசிறு" என்று சீண்டினார். அப்பா சிரித்தார். நான் முன்னால் போய் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளம் வேகம் பிடித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது கன்னம் உப்பியது. கழுத்து நரம்பும் புடைத்தது.

கேட்டதற்கு, "சும்மா உப்பிக் காட்டினேன், ஊதல" என்றார்.

நேற்று டாக்டர் சின்னக் கம்பியால் திருகைத் தட்டிப் பார்த்தார். எலும்பு நன்றாகப் பிடித்திருந்தால் கணீரென்று கேட்குமாம். மொத்தென்று கேட்டது. "ஊதினீங்களா, சேட்டா?" என்றார். அப்பா இல்லை என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். ஊதினார் என்று சொல்லிவிட்டேன்.

இனி அசையாமல் விட்டால் பிடிப்பதற்கு வாய்ப்பு இருக்கிறதாம். இன்னொரு முறை ஊதினால் திருகை எடுக்க வேண்டும், வேறொன்று வைக்க அங்கே எலும்பு மிஞ்சாது என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா, "அம்மாகிட்ட சொல்லாதே. அவ அங்க தனியா கிடந்து கவலைப்படுவா" என்றார். இன்று காலை கொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோயிலில் பெரிய பூரத் திருவிழா. வெறுமனே நிற்கத்தான் போகிறேன் என்கிறார்.

அவரைத் திட்டாதீர்கள், அம்மா. பல்லைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை இங்கே மாலை ஆறு மணிக்குப் பஞ்சவாத்தியம் தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் அப்பாவுக்கு போன் செய்யுங்கள். உங்கள் போனை அவர் எடுக்காமல் இருந்ததில்லை, நீங்கள் வைக்கும் முன் அவர் வைத்ததும் இல்லை. சத்தத்தில் கேட்காது என்று ஆற்றுப் பக்கம் நடந்துவிடுவார். அங்கே அது உங்கள் ஆஸ்பத்திரி டியூட்டி நேரம் என்று தெரியும். ஒரே ஒரு நாள் விடுப்புக் கேளுங்கள். வார்டு, மழை, நீங்கள் சமைத்தது, எதையாவது பேசுங்கள். அவரையும் பேசவையுங்கள். வாத்தியம் முடிய இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை மட்டும் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
மாளவிகா