ஆபீஸ் கோழி இரண்டு

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு, புகார் எழுத நீ கேட்டதையே எழுதுகிறேன். அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். நான், உன் அப்பா, உன் தம்பி, அவன் பெண்டாட்டி, மாதாமாதம் கோழிக்கு ரத்தம் எடுக்க வரும் கால்நடை ஆபீஸ்காரர். உன் அத்தை தானும் இருந்ததாகச் சொன்னால் நம்பாதே, என் கல்யாணத்துக்கே பந்தி போட்ட பிறகு வந்தவள் அவள்.

கோழிக்கு வரும் காய்ச்சல் மனுஷருக்குத் தொற்றிவிடக் கூடாது என்றுதான் ரத்தம் எடுப்பது. மூன்று கொட்டகையிலும் புகுந்து, கைக்கு வந்த பத்துக் கோழியைப் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மனுஷர் முதல் மாதம் உள்ளே ஓடி வழுக்கி விழுந்து, சட்டையெல்லாம் எச்சத்தோடு எழுந்து வந்தார். எனக்குப் பாவமாகப் போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து, சமையலறை வாசலில் தனிக் கூண்டில் நான் வளர்த்த இரண்டு சாதுக் கோழிகளை மடியில் வைத்துப் பிடித்துக் கொடுத்தேன். அந்த இரண்டின் ரத்தத்தைப் பத்துக் குப்பியில் பிரித்து, பத்து நம்பர் ஒட்டிக்கொண்டு போவார். நோய் இல்லை என்று தாள் வரும், உன் அப்பா சுவரில் ஒட்டுவார். உன் தம்பி பெண்டாட்டி அதுகளுக்கு ஆபீஸ் கோழி என்று பேர் வைத்து, பென்ஷன் உண்டா அத்தை என்று கேட்டுச் சிரிப்பாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. பின்கொட்டகையைக் கூட்டுகிறவள் அவள்தான். ஒரு வாரமாக முட்டை ஓடில்லாமல் தோலாக வருகிறது, கோழியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது, இந்த மாதமாவது அங்கே எடுங்கள் சார் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். உன் அப்பா சுவரைப் பார்த்தார். உன் தம்பி ஆபீஸ் கோழிக் கூண்டைத் திறந்தான். நேற்று வந்தவள் எனக்குக் கோழி வளர்க்கப் பாடம் எடுக்காதே, போய்க் கூட்டு என்று நான் சொன்னேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் வீட்டில் கோழி உண்டா என்று கேட்டதற்கு, உன் தம்பி சுவரில் இருந்த தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டினான். அதை நம்பி நாலு நாள் வேறு எதற்கோ மருந்து கொடுத்தார்கள்.

பிறகு வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து எல்லாக் கோழியையும் கொன்று சாக்கில் கட்டினார்கள். பின்கொட்டகை முழுக்க நோய். ஆபீஸ் கோழி இரண்டுக்கும் ஒன்றுமே இல்லையாம், அதுகளும் சாக்கில்தான் போயின. திங்கட்கிழமை விசாரணை. பத்தும் பிடித்துக் கொடுத்தோம் என்று சொல், குடும்ப மானம் இருக்கிறது என்கிறார் உன் அப்பா. மடியில் வைத்துப் பிடித்ததை நான் சொல்லத்தான் போகிறேன். அதே மடியில்தான் அவள் குழந்தை ஒன்றும் தெரியாமல் தூங்குகிறது. நீ நூறு வயசு நன்றாயிரு, பிள்ளைகளை ஈரத்தில் விடாதே. வீட்டில் யாராவது ஏதோ சரியில்லை என்றால், சொல்வது யார் என்று பார்க்காமல் காது கொடு. நீ அனுப்பப் போகிற புகாரில் ஆபீஸ்காரர் பேர் மட்டும் இருக்கிறது, அது போதாது, மறக்காமல் இன்னொரு பேரையும் சேர். நான் சாகிற வரை மன்னிக்காத ஆள் அந்த ஒருத்திதான்,

உன் அம்மா.