இறந்தகாலத்தில் ஐந்து வசனங்கள்

8 ஜூன் 2025, ஞாயிறு

தியாகோவுக்கு இன்று போனில், வீடியோவில் மூன்றாவது இங்கிலீசுப் பாடம். அக்கா சுவேதினி போர்த்துக்கலில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அங்கே பேக்கரியொன்றில் பாண் போடுகிற இந்த மனிதரைத்தான் கட்டப்போகிறாளாம். அப்பா ஒரே பிடி: "இடையில ஆக்கள் வேண்டாம். அந்தாள் என்னோட நேர கதைக்கட்டும்." அப்பாவுக்குக் கப்பலில் பழகிய இங்கிலீசு இருக்கிறது. தியாகோவுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறவள் என்பதால் வேலை என் தலையில்.

"ஐ ஹேவ் ஃபோர்ட்டி வன் இயர்ஸ்" என்கிறார். 'ஐ ஆம்' என்று பத்துத் தடவை சொல்ல வைத்தேன். "இஸ் கோல்ட்" என்கிறார். முன்னால் 'இட்' வரவே வராது. அதற்குக் கோபிக்க முடியவில்லை. நாங்களும் "குளிருது" என்று மட்டும்தானே சொல்கிறோம்?

12 ஜூன்

'டிட்' வந்தால் வினைச்சொல் மாறாது என்று விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம். வீட்டுவேலை கொடுத்தேன்: என் வாழ்க்கை, இறந்தகாலத்தில் ஐந்து வசனங்கள்.

13 ஜூன்

தியாகோ வீட்டுவேலையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

சின்ன ஊரில் பிறந்தாராம். பாண் போடப் பழகினாராம். மூன்றாவது, தனக்கு ஒரு மனைவி இருந்தாளாம் — மனைவியா? நான்காவது: "ஐ அசிஸ்டட் த டெத் ஆஃப் மை வைஃப்."

அசிஸ்ட் எண்டால் உதவி செய்யிறது. மனிசியின்ர சாவுக்கு உதவி செய்தவரோ?

ஐந்தாவது: "ஆஃப்டர், ஐ டிட் நாட் க்ரை." 'டிட்' எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கு எப்படிச் சரி போடுவது?

அக்காவிடம் முதலில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே கீரிக் கடற்கரைக்குப் போய், வள்ளத்தடியில் நின்ற அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். "கொலைகாரனுக்கோ என்ர பிள்ளை? இனி அந்தாளோட கதைச்சா நீ எனக்குப் பிள்ளையில்லை."

அக்கா அழுதுகொண்டு சொன்னாள்: "அவரின்ர மனிசி செத்தது எனக்குத் தெரியும். நீங்கள் வேண்டாமெண்டுவியள் எண்டுதான் மறைச்சனான்." பிறகு என்னைக் கேட்டாள்: "றெபேக்கா, நீயோ அப்பாட்டக் காட்டினது?"

ஓம் என்றேன். வைத்துவிட்டாள்.

14 ஜூன்

அக்காவுக்கு ஏழு தரம் எடுத்தேன். பதில் இல்லை.

15 ஜூன், ஞாயிறு

பாட நேரத்துக்கு அவரே அழைத்தார். முகம் வீங்கியிருந்தது. கொப்பியைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, "வாட் இஸ் மை மிஸ்டேக்?" என்று கேட்டார்.

கடவுளே. இலக்கணத்தில் பிழை விட்டதால்தான் கலியாணம் நின்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"வாட் டிட் யூ டூ?" என்று கேட்டேன். நான்காவது வசனத்தையும் வாசித்தேன்.

சொல் சொல்லாகத் தேடினார். "ஹாஸ்பிட்டல். நைன் டேஸ். ஐ சாட். ஐ..." இருந்த கதிரையைத் தட்டி, பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "ஐ லுக்ட்."

அகராதியைப் பார்த்தேன். அவர்களுடைய பாஷையில் 'அசிஸ்ட்' மாதிரியே ஒரு சொல் இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்ப்பது என்று அர்த்தம்.

கொன்றவர் இல்லை. ஒன்பது நாள் கூட இருந்தவர். பிறகு அழக்கூட முடியாமல் போனவர்.

ஐயோ, நான் என்ன செய்து வைச்சிருக்கிறன்? பிழை திருத்திறது என்ர தொழில். திருத்தாமல் கொண்டுபோய் அப்பாட்டக் குடுத்திட்டன்.

16 ஜூன்

அப்பாவிடம் சொன்னேன். ஏசவில்லை. "நீ படிச்சனி. நீ வாசிச்சதைத்தானே நான் நம்பினனான்" என்றார். அவ்வளவுதான்.

22 ஜூன்

அப்பாவும் தியாகோவும் இருபது நிமிஷம் கதைத்தார்கள். மனைவியின் பெயரை அப்பா கேட்டார். ஹெலேனாவாம். "ஐ ஆம் சொறி, மகன்" என்றார் அப்பா. மகன் என்றால் என்னவென்று தியாகோ கேட்கவில்லை.

27 ஜூலை

அக்கா அம்மாவோடும் அப்பாவோடும் தினமும் கதைக்கிறாள். என்னோடு இல்லை. ஆறு கிழமை.

இன்று பாடம் முடிந்தும் தியாகோ வைக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், குசினி மேசையில் நிறுத்தினார். "டோக்" என்று என்னைக் கதைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா" என்றேன்.

கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டாள்.