பிப்பைப் புதுப்பித்த வாரம்

3 நவம்பர் 2025, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் ரத்ததானக் குழுவின் சர்வரோடு உட்கார்ந்தேன். வெப்சைட்டை இயக்கும் பைத்தான் மொழியின் பழைய பதிப்பைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்களாம். புதியதை ஏற்றினேன். அதற்கு வேண்டிய நிரல் தொகுப்புகளை இறக்கிப் பொருத்தும் பிப்பும் கூடவே புதிதாகிவிட்டது. சின்ன வேலை என்று நினைத்தேன். இப்போது திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. வெப்சைட் படுத்துவிட்டது.

4, செவ்வாய்

காரணம் தெரிந்தது. ரத்தம் தேவை என்றால் கொடையாளர்களுக்குச் செய்தி அனுப்புவது, முன்பு குழுவில் இருந்த சுபாஷ் எழுதிய தொகுப்பு. அதன் பதிப்பு எண்ணை அவன் '1.0-சுபாஷ்-ஃபைனல்' என்று வைத்திருக்கிறான்! எண் என்றால் எண்ணாக இருக்க வேண்டாமா? பழைய பிப் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது. புதியது முடியவே முடியாது என்கிறது. பழைய பிப்புக்குத் திரும்பலாமென்றால் அது புதிய பைத்தானில் ஓடவில்லை. நானே திருத்தலாமென்று பிரித்தேன் — ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கழல்கிறது. ஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தால் இதெல்லாம் வந்துவிடுமா?

5, புதன்

செயலாளர் கொளஞ்சிநாதன் அண்ணனிடம், சுபாஷைக் கேட்கட்டுமா என்றேன். போன வருஷ முகாமில் இருவருக்கும் வாய்ச்சண்டை. அதோடு அவன் குழுவை விட்டே போய்விட்டான்.

"அவன்கிட்ட போயி கெஞ்சிகினு நிக்கணுமா டீச்சர்? அவன் இல்லாட்டி குழு நடக்காதா?"

"குழு நடக்கும். வெப்சைட் நடக்காதுங்க அண்ணே."

சாயங்காலம் சுபாஷுக்குப் போன் போட்டேன். "அவரு கூப்பிடட்டும் உமாக்கா, வர்றேன்" என்கிறான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஏன் சாகணும்?

6, வியாழன்

இன்னும் சிவப்பு. வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "நல்லாத்தானே ஓடிச்சு, எதுக்குக் கை வச்ச?" என்றார்.

7, வெள்ளி

மத்தியானம் அண்ணன் மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கு வந்தார். முத்தாண்டிக்குப்பத்துப் பெண், பிரபாவதி. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். "அந்தப் பொண்ணு புருஷன் கலியன் போன்ல அழுதுகினே இருக்கான் டீச்சர். செய்தி அனுப்புங்க."

எதை வைத்து அனுப்ப? கத்திவிடலாம் போல இருந்தது. கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, வெப்சைட் இல்லாமல் நேராகத் தரவுத்தளத்தைத் திறந்து தேடினேன். ஒருவர் சென்னையில். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருக்கிறார். அடுத்த பெயர் — சுபாஷ், டவுன்ஷிப் பிளாக் 11.

திரையை அண்ணன் பக்கம் திருப்பினேன். படித்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன் போடுங்க டீச்சர்." நான் எடுப்பதற்குள், "இல்ல, குடுங்க. நானே பேசறேன்."

"தம்பி... நான்தான் கொளஞ்சி. ஒரு உசுரு, ஓ நெகட்டிவ் வேணும்பா." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ. "நீ பஸ்ஸுக்கு நிக்காத, நான் வண்டி எடுத்துகினு வரேன்" என்று ஓடினார்.

எனக்கு அடுத்த பீரியட் என்ன நடத்தினேன் என்றே தெரியவில்லை.

8, சனி

பிரபாவதி கண் திறந்துவிட்டாள். பெண் குழந்தை.

சுபாஷ் வீட்டுக்கு வந்தான், கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "எவனாவது பதிப்பு எண்ணுல பேரு வைப்பானா?"

"ஃபைனல்னு போட்டா அதோட எல்லாம் முடிஞ்சிடும்னு நெனச்சேன்க்கா," என்று சிரித்தான்.

1.1 என்று மாற்றினான். மாட்டிக்கொண்டிருந்த மற்ற இரண்டு தொகுப்புகளையும் சரிசெய்தான். காபி ஆறுவதற்குள் எல்லாம் ஏறி, வெப்சைட் எழுந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதற்கா ஒரு வாரம்? அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

10, திங்கள்

காலையில் குழுவின் வாட்ஸப்பில்: 'கொளஞ்சிநாதன், சுபாஷைச் சேர்த்துள்ளார்.' அதற்கு மேல் அண்ணன் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவனும் ஒரு கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொண்டான்.