வார்டில் வந்த தமிழ்

என் ஜெபத்தில் முதலில் வரும் அம்மாவுக்கு,

போன வாரம் ஆஸ்பத்திரி வார்டுக்கு ஜெபிக்கப் போனேன். மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு தையல்காரம்மா, “எனக்காக வேண்டிக்கோ”ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இந்த ஊர் பாஷையில மனப்பாடம் பண்ணின ஜெபம் சுத்தமா மறந்துபோச்சு. தமிழ்லயே அழுதுக்கிட்டு ஜெபிச்சேன்.

“‘ஆபரேஷன்’ தவிர ஒரு வார்த்தையும் புரியல. ஆனா எனக்காக மட்டும் அழலன்னு தெரியுது. வேற யாருக்கு ஆபரேஷன்?”னு கேட்டாங்க.

“எங்கம்மாவுக்கு.”

“அப்புறம் இங்க என்ன பண்ற?”

உன் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னதுக்கு அண்ணனைத் திட்டாதேம்மா, நான்தான் அவன் வாயைக் கிளறினேன். என் ஊழியம் கெடக்கூடாதுன்னுதானே மறைச்சே? சபையில லீவு வாங்கிட்டேன். உன் ஆபரேஷனுக்கு முந்தின வாரமே வந்துடுவேன்.

நேத்து சொல்லிட்டு வரப் போனப்போ, தையல்காரம்மா மெதுவா நடந்து வார்டு வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க. நீயும் நடப்பேம்மா.

உன் வாயாடி மகள்