டிக்கெட் வாங்காத பயணிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று இங்கே ஒரு கூத்து. ஆஸ்பத்திரிக்கு எங்களை இரவு வேலைக்குக் கொண்டுபோகும் பஸ்ஸை நிறுத்தி, அந்த நிதியைப் பள்ளி பஸ்ஸுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அதற்காகக் கூட்டம் போட்டிருந்தார்கள். "தினம் நாலு டிக்கெட்தான் விக்குது. நாலு பேருக்காக நாப்பது பிள்ளைங்க நடக்கணுமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. ஒரே கைதட்டல்.

என் வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன். "சார், நாங்க முப்பது பேரும் மாச பாஸ். டிக்கெட்டை மட்டும் எண்ணினா நாங்க எப்படித் தெரிவோம்? ரெண்டு பஸ்ஸும் ஓடக் கூடாதுன்னு யார் சொன்னது?"

அவர் கோப்பைப் புரட்டினார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண், "உனக்கொரு பிள்ளை இருந்தா இப்படிப் பேசுவியா?" என்றாள். வாதத்தை விட்டு ஆளை அடிப்பது அது. கல்லூரியில் அதைப் பற்றிப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் இன்னொரு கூட்டம் போட்டு முடிவு சொல்வார்கள். பஸ் நின்றால் வேறு வேலை தேட வேண்டும், பாப்பாவை அழைத்துக்கொள்வது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நீ கவலைப்படாதே.

பாப்பாவுடைய புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. அந்தப் பெண்ணிடம் காட்ட மாட்டேன். மறுபடி எழுந்து பேசும்போது கையில் இருந்தால் போதும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்